மேலே எதுவும் எழுதக்கூடாது

அன்புள்ள அண்ணாவுக்கு,

நம் வீட்டுக் கம்ப்யூட்டரை யாரும் தொடாதபோதும் அதன் சிவப்பு விளக்கு மினுக்குவதை நேற்றுதான் கவனித்தேன். ஏன் என்று இன்று புரிந்தது.

நான் இப்போது கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் இருக்கிறேன். நீ சொல்லிக்கொடுத்த லினக்ஸால் கிடைத்த வேலை. கெட்டுப்போன விண்டோஸ் டிஸ்க்கைக் கடைக்கார அக்கா லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டரில் மாட்டித்தான் படங்களை மீட்பார். “அழிச்ச படம் உள்ளேயேதான் கிடக்கும்டி. மேல வேற எதையாவது எழுதிட்டாதான் போயே போச்சு. லைட்டு மினுக்கினா எழுதுதுன்னு வச்சுக்கோ” என்றார்.

நம் கம்ப்யூட்டரில் நீ விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்ட அன்று, அம்மா இறந்த பிறகு நமக்கு மிச்சமிருந்த அவள் படங்கள் அத்தனையும் போயின. அன்று அப்பா உன்னிடம் சொன்னதை நான் எழுதமாட்டேன்.

இன்று அக்கா சொன்னதைக் கேட்டதும் வீட்டுக்கு ஓடினேன். அப்பா இன்டர்நெட்டிலிருந்து பழைய பாட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். “உங்கண்ணன் போட்டது பாதியில நிக்கவே மாட்டேங்குதும்மா” என்றார். நீ வீட்டைவிட்டுப் போன பிறகு உன்னைப் பற்றி அவர் பேசியது இதுதான் முதல் தடவை. ஆனால் ஒவ்வொரு பாட்டும் அம்மாவின் முகத்தின் மேல் இறங்குகிறதே! பிளக்கைப் பிடுங்கினேன்.

“என்னடி, கரண்ட் போச்சா?”

“ரிப்பேர்ப்பா.”

“நல்லாத்தானே பாடுச்சு? வேலைக்குச் சேர்ந்ததும் வீட்டையே கடையாக்கிட்டியா?”

காரணத்தைச் சொல்லவில்லை. படங்கள் கிடைக்காவிட்டால் அவர் இன்னொரு முறை தாங்கமாட்டார். டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்தேன். அக்கா இப்போது தேடிக்கொண்டிருக்கிறார். திரையைப் பார்க்கப் பயந்து, ஸ்டூலைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

உன் தங்கச்சி