ஒரு பெயர், இரண்டு வரி

இன்றைக்கும் கந்தோரின் தகரக் கூரை சூடேறி, கணினிக்குள்ளிருந்து வெந்த தூசி மணக்கிறது. அதே கதிரையில்தான் இருக்கிறேன். உன் கதிரையில் கோப்புகளை அடுக்கிவிட்டார்கள்.

மீள்குடியேறியவர்களுக்கான வீட்டுப் பட்டியல் வந்த அன்றும் இதே மணம். மூன்று பட்டியல்களை ஒன்றாக்கியதில் பெயர்கள் இரட்டித்துக் கிடந்தன. "ஒரே பேர் ரெண்டு தரம் வரப்படாது. பின்னேரத்துக்குள்ள அனுப்போணும்" என்றார் அதிகாரி. நான் ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்க, நீ சிரித்தாய்.

"நத்தார்ப் பண்டிகை வரைக்கும் கிண்டப் போறியோ, மச்சான்?"

கோப்பு திறந்திருந்த எடிற்றரை விட்டு வெளியே வராமலே ஒரு வரி தட்டச் சொன்னாய். முழுக் கோப்பும் 'சோர்ட்'டுக்குள் போய் அகரவரிசையாகும்; அங்கிருந்து ஒரு நிமிர்ந்த கோட்டின் வழியே 'யுனிக்'குக்குள் போகும்; அடுத்தடுத்து ஒரேமாதிரி நிற்கும் வரிகளில் ஒன்றே மிஞ்சும்.

"அந்தக் கோடு குழாயடா. இந்தப் பக்கத்தால சனத்தை விட்டா அந்தப் பக்கத்தால வரிசையா வரும்."

"இடையில ஆரும் விழுந்தா?"

"ஓட்டை வலையெண்டு நினைச்சியோ? பிழைச்சா 'யூ'வை அமத்து. பழையபடி வரும்."

விழுந்தது உன் அப்பா.

இடம்பெயர்வில் பாதிச் சனம் அடையாள அட்டையைத் தொலைத்திருந்தது. அட்டை இலக்கம் ஒரு பட்டியலில் இருந்தது, மற்றதில் இல்லை. அந்தப் பத்தி இருந்தால் வரிகள் ஒத்துப்போகாதென்று, உன்னிடம் கேளாமல் நான் அதை வெட்டினேன். ஞானஸ்நானத்தில் ஒரே புனிதரின் பெயரை வீட்டுக்கு வீடு வைக்கும் எங்கள் பள்ளிமுனையில், 'அ. சவிரிமுத்து' இரண்டு பேர்; ஒருவர் உன் அப்பா. ஒரு வரிதான் மிஞ்சியது. கடிதம் முதலில் கைக்குக் கிடைத்தவருக்கு வீடு போனது.

மேலிடத்துக்குப் போன பட்டியலுக்கு 'யூ' விசை இல்லை. "கொம்பியூட்டர் எடுத்த முடிவு, தம்பி" என்று அதிகாரி கைகழுவினார். ஒரு குடும்பத்தைத் தறப்பாள் கூடாரத்துக்குள் இருத்திவிட்டுப் பழியை ஒரு பெட்டியின்மேல் போட்டார்கள். நானும் வாய் திறக்கவில்லை.

நீ ஏசவில்லை. "குழாயில பிழையில்லை. நீ வெட்டினதிலதான்." அவ்வளவுதான். இரண்டாவது மாரியிலும் தறப்பாள் கிழிந்தபோது, "வீடு கட்டுற வழியோட வாறன்" என்று அவுஸ்திரேலியாவுக்கு வள்ளம் ஏறினாய். பிறகு ஒரு சொல்லும் வரவில்லை.

இன்று கடலில் காணாமற்போனவர்களின் பட்டியலைத் தந்திருக்கிறார்கள். அதில் நீ இரண்டு தரம் இருக்கிறாய். உன் அம்மா ஒருமுறை பதிந்திருக்கிறார். அவருக்குச் சொல்லாமல் அப்பா ஒருமுறை. அதிகாரி என் தோளுக்கு மேலால் பார்த்துச் சிரித்தார்.

"ஒருத்தன் ரெண்டு தரம் காணாமப் போவானோ?"

"ஓம் சேர். முதல் தரம் இந்தக் கந்தோரில, அப்பான்ர பேரோட."

அவர் தன் மேசைக்குத் திரும்பினார்.

கட்டளையை ஓட்டுகிறேன், நீ ஒன்றாகிறாய். 'யூ'வை அழுத்துகிறேன், இரண்டாகிறாய். திரும்பவும் ஓட்டுகிறேன். பின்னேரத்துக்குள் அனுப்ப வேண்டும்.