பாண் ஆட்டோ சத்தத்தை வெட்டுவது எப்படி?

ஒக். 4, சனி
மத்தியானத்திலிருந்து மழை. பயிற்சி இல்லை. எங்கள் தெல்தெனிய மகளிர் மென்பந்து அணி கிண்ணம் வென்று ஒரு வாரம். இன்னும் வீடியோ இல்லை. போனில் எடிட் பண்ணுவேன் என்று எப்போதோ வாய்தவறிச் சொல்லிவிட்டேன். விக்கெட் கீப்பர் வேலையோடு இதுவும் என் தலையில்.

கையில் இருப்பவை: பவுண்டரி 3. டிலினி வழுக்கி விழுந்தது 1 (போடச் சொல்லி அவளே அடம்). ரிஸ்னாவின் கடைசிப் பிடி. அதுதான் வீடியோவின் உயிர். கடைசிப் பந்து, எல்லைக்கோடு, ஒற்றைக் கை. ஒரு பாட்டுப் போட்டால் முடிந்தது.

ஒக். 5, ஞாயிறு
என்ன பாட்டு என்று குரூப்பில் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பதினொரு பேர், பதினாறு பாட்டு. டிலினிக்கு ஆட்டம் போட வைக்கும் பைலா. கெப்டன் மாலதி அக்காவுக்கு ஹீரோ மெதுவாக நடந்து வரும் சினிமாப் பாட்டு. "நாம ஓடித்தானேக்கா ஜெயிச்சோம்?" என்று எழுதினேன். பதிலுக்கு ஒரு கோப முகம்.

மாலை ரிஸ்னா எனக்குத் தனியாகக் கோல் எடுத்தாள். "அக்கா, பாட்டு போட்டா என்னைய வெட்டிடுங்க. ஒரு சீசன் மட்டும் எண்டு சொல்லித்தான் வாப்பா விட்டாரு. மெட்ச் பாக்கக்கூட வரல்ல. பாட்டோட என்ட மூஞ்ச ஊரே பாத்தா, அடுத்த வருஷம் நான் இல்ல."

அவளை வெட்டினால் மிச்சம் டிலினி விழுவது. வெட்டாவிட்டால் அடுத்த சீசனுக்குப் பத்துப் பேர். மாற்று ஆள் என்று எங்களிடம் ஒருத்தியும் கிடையாது. பயமாக இருக்கிறது.

ஒக். 6, திங்கள், போயா
பௌர்ணமி என்பதால் நான் வேலை செய்யும் பார்மசிக்கு லீவு. முடிவு: பாட்டே வேண்டாம், மைதானச் சத்தம் போதும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன், கிளிப்பைக் கேட்கும் வரை. கடைசிப் பந்துக்கு முன்னால், பின்னணியில், பாண் ஆட்டோ டியூன்! காலையில் பேக்கரியிலிருந்து சுடச்சுடப் பாண் கொண்டுவந்து ஊரை எழுப்புமே, அதே டியூன்.

இரைச்சல் நீக்கும் ஆப் போட்டேன். கைதட்டல் போனது, கூச்சல் போனது, டியூன் மட்டும் பளிச்சென்று நின்றது.

அடுப்படியிலிருந்து அம்மா: "பாண்காரர் வந்துட்டாரா? ஒரு ராத்தல் பாண் வாங்குடி."

ஒக். 8, புதன்
ரிஸ்னா பார்மசிக்கு வந்தாள். வாப்பாவுக்கு இருமல் மருந்து. கிளிப்பைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. மூன்று தரம் திருப்பிப் போடச் சொன்னாள்.

"அக்கா, இது எங்கட வாப்பாட ஆட்டோ."

அவள் அப்பா பாண் விற்பவர் என்று எனக்கும் தெரியும். ஆனால் எல்லா பாண் ஆட்டோவுக்கும் ஒரே டியூன்தானே?

"ஸ்பீக்கர்ல தண்ணி போனது. இந்த எடத்துல டியூன் இழுக்கும், கேளுங்க."

இழுத்தது. மெட்ச் அன்று கண்டிக்குப் போவதாக வீட்டில் சொன்னாராம் மனிதர்!

இன்னொன்றும் கேட்டது. பந்து மேலே போனதும் டியூன் நிற்கிறது. பிடித்த பிறகு ஹோர்ன், விடாமல். கூட்டத்தில் யாரோ என்று நினைத்திருந்தேன். ரிஸ்னா கவுண்டரில் முகத்தை வைத்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. மருந்தை மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

ஒக். 9, வியாழன்
மருந்தைச் சாக்காக வைத்து, காலையில் ரிஸ்னாவின் வாப்பாவை, எங்கள் பாண் நானாவை, வாசலில் நிறுத்தினேன். கிளிப்பைக் காட்டினேன்.

"ஏன் நானா டியூன நிப்பாட்டுனீங்க?"

"பெட்டரி டவுன், மகள்."

"அப்ப ஹோர்ன் எப்படி அடிச்சீங்க?"

இருமினார். மருந்தை வாங்கிக்கொண்டார். "இப்பிடியே போடுங்க. இது பாட்டில்ல தானே. பாண்."

கொஞ்ச தூரம் போய், ரிவர்ஸில் வந்தார். "ஹோர்ன் சத்தம் காணாது. கூட்டிப் போடுங்க."

ஒக். 11, சனி
வெயில். பயிற்சி. வீடியோ குரூப்பில் போட்டாயிற்று. எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. டிலினி மட்டும் பைலா, பைலா என்று முனகல்.

நாலு மணிக்கு மைதானத்தோரம் பாண் ஆட்டோ. அந்தப் பக்கம் ஒரு வீடும் இல்லை. டியூனும் இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்த ரிஸ்னா, நேராகக் கைக்கு வந்த பிடியைக் கோட்டைவிட்டாள்.

ஹோர்ன், நீளமாக. வெளியே தலையை நீட்டி நானா:

"அடுத்த சீசனும் இப்பிடியா புடிக்கப்போற?"