பிரேக் பெட்டியும் அனுப்பியிருக்கிறேன்

குவார்ட்சைட், அரிசோனா
மார்ச் 9

மார்லிஸுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. சுகமா என்று கேட்கவும் மனமில்லை. என் கணவரும் என் ஜீப்பும் உன்னிடம் இருக்கும்போது உனக்கு என்ன குறை, சுகமாகத்தான் இருப்பாய்.

ஹார்லன் எனக்கு எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு நாலே வரி. நீ குடியிருந்துகொண்டே ஓட்டுகிற வீட்டு வண்டிக்குப் பின்னால் ஜீப்பைக் கட்டி மொன்டானாவுக்கு இழுத்துப் போகப் போகிறீர்களாம். இழுகம்பி, இரண்டு பாதுகாப்பு வடம், விளக்கு ஒயர், மூன்றையும் அனுப்ப வேண்டுமாம். அவசரமாக ஓடினீர்கள் அல்லவா, அதெல்லாம் என் வீட்டு வண்டியின் முதுகிலேயே தங்கிவிட்டன. கார் இல்லாமல் இந்தப் பாலைவனத்தில் நான் எப்படிக் கடைக்குப் போகிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை. இரண்டு மைல் நடக்கிறேன், தெரிந்துகொள். வீட்டு வண்டிகள் நிற்கும் இந்த முகாமில் எதிரே வருகிறவர்கள் ஜீப் எங்கே என்று கேட்கிறார்கள். ஹார்லன் எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

கேட்டதையெல்லாம் பெட்டியில் கட்டிவிட்டேன். ஆனால் ஜீப்பைக் கட்டுவது அவருக்குத் தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய் பார், அங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது.

யூட்டாவில் எங்கள் ஜீப்பின் கியர்பெட்டி வெந்து புகைந்தது நினைவிருக்கிறதா? பெரிய கியருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பி இருக்கிறது. இழுப்பதற்கு முன் அதை நியூட்ரலில் போட வேண்டும். போடாவிட்டால் சக்கரம் உருள உருள உள்ளே எல்லாம் அரைபட்டுப் போகும். அறுபது மைல் அப்படியே இழுத்து வந்தார். முகாமே கூடி நின்றபோது, “வெர்னாகிட்ட பாக்கச் சொன்னேன், மறந்துட்டா. அவளுக்கு இதெல்லாம் எங்க புரியுது?” என்றார். சிரித்தவர்களில் நீயும் ஒருத்தி. மறந்தது அவர்தான். பழியை நானே ஏற்றுக்கொண்டேன். கட்டிய கணவர் முகம் கறுத்துவிடக் கூடாதே என்று பார்த்தேன், அதுதான் என் புத்தி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் கிளம்பும் முன் அவர் வண்டியின் தண்ணீர்க் குழாயைக் கழற்றப் போகிற நேரம் பார்த்து, நான் ஜீப்பில் ஏறி அந்தக் கம்பியைச் சரிபார்ப்பேன். போன குளிர்காலத்தில் மட்டும் நாலு தடவை மறந்திருந்தார். எழுபத்தொரு வயதாகிறது. அவரிடம் சொன்னதில்லை. இப்போது உன்னிடம் சொல்கிறேன், இனி அது உன் வேலை.

அடுத்தது பிரேக் பெட்டி. அவர் பட்டியலில் அது இல்லை. “பெரிய வண்டி பிரேக்கே போதும், இது எதுக்குத் தண்டமா?” என்று வாங்கிய நாளிலிருந்து சொல்கிறவர். ஜீப்பின் பிரேக் மிதியோடு அதை மாட்டுவதும் நான்தான், கழற்றுவதும் நான்தான். அது இல்லாமல் மலை இறக்கத்தில் நீங்கள் பிரேக் போட்டால் ஜீப் நிற்காது, உங்களைத் தள்ளும்.

மூன்று நாள் அதைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லையே, அனுப்பாவிட்டால் என்மேல் என்ன குற்றம் என்று நினைத்தேன். மொன்டானா இறக்கங்கள் எனக்குத் தெரியும். முன் சீட்டில் நீ உட்கார்ந்திருப்பாய் என்பதையும் நினைத்தேன், மார்லிஸ். பொய் சொல்வானேன். வயிறு அப்படி எரிந்தது. நாலாம் நாள் காலையில் எழுந்து, பழைய துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். பிரேக் பெட்டியிலிருந்து வரும் மெல்லிய கம்பியை உன் வண்டியின் அடிச்சட்டத்தில் மாட்டு, இழுகம்பியில் மாட்டாதே. இழுகம்பி விட்டுப்போனால் அந்த மெல்லிய கம்பி இழுபட்டு ஜீப் தானே பிரேக் பிடிக்கும். இழுகம்பியிலேயே மாட்டினால் இரண்டும் சேர்ந்துதான் போகும்.

எல்லாம் பூட்டியதும் பத்தடி முன்னால் எடுக்கச் சொல்லிவிட்டு, நீ கீழே நின்று ஜீப்பின் நாலு சக்கரமும் உருள்கிறதா என்று பார். பிறகு பிரேக் விளக்கு. சன்னலில் தலையை நீட்டி “எரியுதா?” என்று கேட்பார். “எரியுது, போலாம்” என்று நான் சொல்லாமல், ஜீப்பை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றிய பதினொரு வருஷத்தில் அவர் வண்டியை எடுத்ததில்லை. உன்னோடு கிளம்பிய அன்றுதான் எடுத்தார். அவர் கேட்டால் பதில் சொல்லு. சொல்லாவிட்டால் கேட்டுக்கொண்டே இருப்பார்.

பெட்டியின் அடியில் ஒரு சின்ன உறை இருக்கும். அதில் ஜீப்பின் என்னுடைய சாவி இருக்கிறது. இழுக்கும்போது ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாமலிருக்க ஒரு சாவி உள்ளேயே இருக்க வேண்டும், கதவைப் பூட்ட இன்னொன்று வேண்டும். அவரிடம் ஒன்றுதான் இருக்கிறது. எனக்கு இது இனி எதற்கு.

இறக்கத்தில் மெதுவாகப் போங்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு கார்டு போடு, நீயே போடு. அவர் மறந்துவிடுவார்.

இப்படிக்கு,
வெர்னா