குதிரையின் வாய்க்குள் போன கை

வி.டி. ஸ்டேஷன் கூட்டத்தில் என் கையை விடாமல் பிடித்து இறக்கிய அண்ணே,

நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. தாதருக்கு ட்ராம் ஓடுவதை நிறுத்திவிட்டார்கள். தாராவியில் உன் வீட்டு வாசலில் இருந்த குழாயைத் தள்ளிக் கொண்டுபோய்விட்டார்கள். மதினி குடத்தோடு தெருமுனை வரை நடக்கிறாள். நம் ஆட்கள் போடுகிற ஆண்டு மலருக்கு, மறைந்தவர்களைப் பற்றி வீட்டுக்கு ஒருவர் எழுதித் தரச் சொன்னார்கள். ஏழாவது வரை படித்தவள் என்று என்னிடம் வந்தார்கள். நல்லதாக நாலு வார்த்தை போதுமாம். எனக்கு எழுத வேண்டியது வேறு.

படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. விக்டோரியா குதிரை வண்டிக்காரர்கள் உன்னை ‘தாந்த்வாலா’ என்றுதான் கூப்பிடுவார்கள். குதிரைக்குப் பல் தேய்க்கிறவன் என்றால் தாராவியில் சிரிப்பார்கள். நானும் ஆரம்பத்தில் சிரித்தேன். “குதிரைக்குப் பல்லு வளந்துக்கிட்டே இருக்கும்ட்டி” என்று நீதான் சொன்னாய். “மென்னு மென்னு தேயும். தேயாத ஓரம் கத்தி மாதிரி நிக்கும். கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். அது யாருகிட்டப் போய்ச் சொல்லும்?” அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நீளப் பிடி போட்ட அரத்தோடு லாயம் லாயமாகப் போவாய். ஆண்டாப் ஹில்லில் எங்கள் தகரக் கொட்டகைக்கும் வருவாய். உன் மாப்பிள்ளை, அதான் என் வீட்டுக்காரர், ஓட்டிய சேட்டு வண்டியின் குதிரை மோத்திக்கும் நீதான் பல் பார்த்தாய்.

அந்த நாயைப் பற்றி இப்போது முழுசாகச் சொல்கிறேன்.

காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாய் ரோட்டிலிருந்து நேராக உள்ளே நடந்து வந்தது. குரைக்கவில்லை. தாடை தொங்கியபடி எச்சில் வடிந்தது. மோத்தி வாளியில் தலையை விட்டுக் கடலை தின்றுகொண்டிருந்தது. அதன் மேலுதட்டைக் கவ்விக்கொண்டு நாய் தொங்கியது. விறகுக் கட்டையால் அடித்த பிறகுதான் விட்டது. மறுநாள் பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு வெறிநாயை அடித்துப் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். அதே நாய்.

உன் மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் முகம் செத்துப்போயிற்று. “வாயத் தொறந்துராத. சேட்டுக்குத் தெரிஞ்சா குதிரையைச் சுட்டுருவான். வண்டியும் போயிரும். காயம்தான் ஆறிட்டு வருதுல்லா” என்றார். மஞ்சளைக் குழைத்துப் பூசினோம். காயம் ஆறியது. தினமும் அதன் கண்ணைப் பார்ப்பேன், வாயைப் பார்ப்பேன். ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் தப்பித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து மோத்தி புல்லை மென்று மென்று உருண்டையாகக் கீழே போட ஆரம்பித்தது. வாயிலிருந்து நூல் நூலாக எச்சில். “பல்லுதான். மச்சான் வாற நேரமாச்சு” என்றார் உன் மாப்பிள்ளை. அவர் அதை நம்பினாரா, நம்ப ஆசைப்பட்டாரா? எனக்கு இன்றைக்கும் தெரியாது.

நீ வந்தாய். கையில் வாளியோடு நான் பக்கத்தில் நின்றேன். முதலில் கண்ணைப் பார்த்தாய். பிறகு உதட்டைத் தூக்கிப் பார்த்தாய்.

“இது என்ன தழும்பு மாப்பிள?”

“கம்பி கிழிச்சிட்டு மச்சான்.”

நீ என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய். நான் வாளியில் இருந்த தண்ணீரைப் பார்த்தேன்.

இடது கையால் நாக்கைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக்கொண்டாய். அரத்தை உள்ளே விட்டு இரண்டு இழுப்பு இழுத்தாய். நிறுத்தினாய். விரலால் பல்லோரத்தைத் தடவிப் பார்த்தாய். “பல்லுல ஒண்ணுமே இல்லையேட்டி. போன தடவ தேச்சது அப்படியே வழுவழுன்னு இருக்கு. பெறவு ஏன் முழுங்க மாட்டேங்கு?” என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தொண்டையில் குச்சி எதுவும் சிக்கியிருக்கிறதா என்று நீ கையை இன்னும் உள்ளே விட்டாய். முழங்கை வரை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கையை வெளியே எடுத்தபோது விரல் மொளியில் தோல் பிய்ந்து ரத்தம் கசிந்தது. என் வாளித் தண்ணீரில்தான் கழுவினாய்.

மறுநாள் மோத்தி தன் உதட்டையே மரத்தூணில் தேய்த்துத் தேய்த்துச் சதையைப் பிய்த்துக்கொண்டது. அடுத்த நாள் மத்தியானம் விழுந்து செத்தது. பார்க்க வந்த மாட்டாஸ்பத்திரி டாக்டர் தள்ளியே நின்றுகொண்டு, தொட்டவர்கள் எல்லோரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

தாராவிக்கு ஓடிவந்து உன்னிடம் சொன்னேன். மதினி அப்போது வீட்டில் இல்லை. நாய் கடித்தது, பார்த்தேன், மறைத்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நீ திட்டவில்லை. “எத்தன நாளாச்சு?” என்று மட்டும் கேட்டாய். பிறகு உன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

மூன்று பேரும் சேர்ந்தே ஊசிக்குப் போனோம். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. ஐந்து போட்டபிறகு நீ பஸ் ஸ்டாப்பில் வைத்துச் சொன்னாய்: “புனாவில லாயம் பூராவும் பல்லு பாக்கக் கூப்பிடுதாங்க. நாளைக்குக் கெளம்புதேன். குதிரை என்னைக் கடிக்கலையே பேச்சி, வெறும் கீறல்தான? ஒன் மதினிகிட்ட ஊசி முடிஞ்சிட்டுன்னு சொல்லிட்டேன். நீ ஒண்ணும் சொல்லிராத.”

நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். ரோட்டில் விழுந்து அழுதிருக்க வேண்டும். செய்யவில்லை. ஏன் தெரியுமா அண்ணே? வாதாடினால் நீ அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவாய் என்று பயந்தேன். “அன்னைக்கு வாளியோட நின்னியே, அப்ப ஏன் சொல்லல?” நீ கடைசி வரை அதைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

நாங்கள் இருவரும் பதினாலும் போட்டுக்கொண்டோம்.

நீ புனாவிலிருந்து திரும்பி வந்து நன்றாகத்தான் இருந்தாய். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏதாவது சாக்கு வைத்து உன் வீட்டுக்கு வருவேன். நீ சோறு தின்பதைப் பார்ப்பேன். தண்ணீர் குடிப்பதைப் பார்ப்பேன். “என்னட்டி, என் வாயையே பாத்துக்கிட்டு இருக்க?” என்று சிரிப்பாய். ஐந்தாவது ஞாயிறு, கை மரத்துப்போகிறது, எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாய். அரம் பிடிக்கிற கைதானே என்று மதினி எண்ணெய் தேய்த்துவிட்டாள். அது கீறல் பட்ட கை. நான் எழுந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

புதன்கிழமை மதினி டீ கொடுத்தாள். நீ கிளாஸை வாய்ப்பக்கம் கொண்டுபோனாய், தொண்டை இழுத்துக்கொண்டது. இன்னொரு தடவை முயற்சி செய்தாய். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “பேச்சியைக் கூட்டியா” என்றாயாம்.

தொத்துநோய் ஆஸ்பத்திரியில் கதவுக் கம்பிக்கு அந்தப்புறம் நீ. தெளிவாகத்தான் பேசினாய். “என் அரத்த யாருக்கும் குடுத்துராத. குழி தோண்டிப் பொதைச்சிரு. லாயத்துக்காரங்க கிட்ட எல்லாம் போய்ச் சொல்லு, முழுங்காத குதிரை வாயில கைய விடாதீங்கன்னு.” அவ்வளவுதான். அதன்பிறகு நீ நீயாக இல்லை. இரண்டு நாள்.

அரத்தைப் புதைத்துவிட்டேன். லாயம் லாயமாகப் போய்ச் சொன்னேன். மாட்டுங்கா, பரேல், பைகுலா. சிலர் கேட்டார்கள், சிலர் பைத்தியம் என்றார்கள். உன் மாப்பிள்ளை குதிரைப் பக்கமே போவதில்லை. மில்லில் மூட்டை தூக்குகிறார். எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது.

மதினிக்கு உன் வியாதி என்னவென்று தெரியும், குதிரையிலிருந்து வந்தது என்று தெரியும். நீ ஐந்து ஊசியோடு நிறுத்தியதை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்றிலிருந்து அவள் ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்: “புனாவுக்குப் போங்க போங்கன்னு நச்சரிச்சது நாந்தான. நாந்தான் அவுகள அனுப்பிக் கொன்னுட்டேன்.” சரியாகச் சாப்பிடுவதில்லை. கைகள் குச்சியாகிவிட்டன. போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “ஊசி முடியலன்னு ஒனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா நீயாவது தடுத்திருப்ப பேச்சி.”

அவள் கையிலிருந்து என் கையை உருவிக்கொண்டேன்.

இந்த மலர் அச்சாகி வந்தால் யாராவது அவளுக்கு வாசித்துக் காட்டுவார்கள். அவளுக்கு எழுத்துக் கூட்ட வராது. அடுத்தவர் வாயிலிருந்து அவள் இதைக் கேட்கக்கூடாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு தாராவிக்கு வருகிறேன் அண்ணே. மதினிக்கு எதிரே உட்கார்ந்து முதல் வரியிலிருந்து வாசிப்பேன். நடுவில் நிறுத்தமாட்டேன். அவள் அடித்தாலும், காறித் துப்பினாலும், தெருவே கூடினாலும், அவள் போ என்று சொல்லும்வரை எழுந்திருக்கமாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள்,
பேச்சி