உன் வீட்டுச் சுவரில் கட்டிய மூங்கில்

இன்று காலை என் ரேடியோவில் செய்தி வரவில்லை, வெறும் இரைச்சல். எட்டிப் பார்த்தேன். இரவுப் புயலில் உன் வீட்டுச் சுவரோடு கட்டியிருந்த மூங்கில் சாய்ந்து, ஏரியல் கம்பி தெருவில் கிடந்தது. நீ இறந்துபோன பிறகு வந்த முதல் மழை இது.

அதை நாம் கட்டியபோது இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பொன்னேரி இரும்புக்கடையில் செம்புக் கம்பி கேட்டோம்.

"இன்னா நைனா, இம்மாம் நீளம்? துணி காயப் போடவா?" என்றார் கடைக்காரர்.

"கொழும்பு ரேடியோவைக் கட்டி இழுக்கத்தான், மொதலாளி" என்றாய் நீ.

ஒரு முனை என் மாடியில், மறுமுனை தெருவைத் தாண்டி உன் வீட்டில். மூங்கில் நனைந்தாலும் அலை கசிந்து போகாமலிருக்க, கம்பிக்கும் மூங்கிலுக்கும் நடுவே பீங்கான் குமிழ் வேண்டும் என்று புத்தகத்தில் படித்துச் சொன்னேன். "சும்மா கட்டு வாத்தியாரே" என்று பச்சை மூங்கிலிலேயே கம்பியை முறுக்கிவிட்டாய். முதல் தூறலில் பாட்டு அடங்கிப்போனது. மறுநாள் நீயே குமிழ் வாங்கி வந்து, ஏறிக் கட்டினாய்.

பிறகு கும்மிடிப்பூண்டியில் நாம் வேலை பார்த்த தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் வந்தது. "ஒருத்தனும் உள்ள போவக் கூடாது" என்று என் கையைப் பிடித்துச் சொன்னவன் நீ. முதலில் உள்ளே போனவனும் நீதான். உன்னை மேஸ்திரி ஆக்கினார்கள். எனக்கு வேலை போயிற்று.

அன்றோடு பேச்சை நிறுத்தினேன். உன் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு நீ அனுப்பிய வெற்றிலை பாக்கைத் திருப்பி அனுப்பினேன். கம்பியை நீ அறுப்பாய் என்று காத்திருந்தேன். அறுத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒவ்வொரு ஐப்பசியிலும் மூங்கில் சாயும். விடிந்தால் நேராக நிற்கும். என்னை நன்றி சொல்ல வைத்து ஜெயிக்கப் பார்க்கிறாய் என்றே நினைத்தேன்.

இன்று உன் வீட்டுக்குள் போனேன். உன் மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"காய்ச்சலோட கூட ஏறுவாருண்ணா. வாணாம்னா, 'அவன் என்னாண்ட பேச வாணாம், நியூஸாவது கேக்கட்டும்'பாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்கதான் கதவையே தொறக்கலியே."

மூங்கிலைக் கட்டிவிட்டு இறங்கினேன். வேலைநிறுத்தத்தில் நீ உள்ளே போன நாளை நான் மன்னிக்கவில்லை. இதற்காக மன்னிக்கப் போவதும் இல்லை. ஆனால் ஏன் போனாய் என்று உன்னிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய் என்று இப்போது தோன்றுகிறது. இனி அந்தக் கேள்வி என்னோடுதான் இருக்கும்.