செபமாலை நகராத இடம்

மாமா,

நேற்று மாலை உறுதியான தகவல் இது. கம்பம் தியேட்டரில் நாம் கேட்ட அந்தக் கெட்ட வார்த்தை அருளின் குரல் அல்ல. வாய் மட்டும்தான் உங்கள் மகனுடையது. குரல், சென்னையில் ஒரு டப்பிங் அறைக்குள் நின்று பேசிய வேறொருவருடையது. இதைச் சொன்னவர் அந்தப் படத்தின் ஒலிப்பதிவில் உதவியாளராக இருந்தவர். தொலைபேசியில் பேசினார். நான் திருப்பிக் கேட்டதற்கும் அதையே சொன்னார்.

பேசி முடித்து நிமிர்ந்தபோது மேசையில் உங்கள் செபமாலை கிடந்தது. கறுப்பு மணிகள். நீங்கள் போனபின் அத்தை கொடுத்தது. அதை எடுத்தால் இன்னும் மயில்துத்த நெடி அடிக்கிறது. காலையில் திராட்சைப் பந்தலுக்கு மருந்தடித்துவிட்டுக் கையைக் கழுவியும் கழுவாமலும் அதைத் தொடுவீர்களே, அந்த நெடி. அதனால்தான் இந்தத் தகவலை முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

வீட்டில் எல்லோருக்கும் சினிமா வேண்டும். ஆனால் படத்தில் கெட்ட வார்த்தை வந்தால் பெரியவர்கள் பாடு திண்டாட்டம். சிலர் டிவியை அணைக்கச் சொல்வார்கள். சிலர் இருமுவார்கள். சிலருக்குச் சரியாக அந்த நேரத்தில் தண்ணீர் தாகம் எடுக்கும். என் அப்பா பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் கணக்கில் எவ்வளவு மார்க் என்று கேட்பார். நீங்கள் இதில் எதையும் செய்ததில்லை. ஊர்க் கோயிலில் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், ஞாயிறு பூசை முடிந்து கறிச்சாப்பாடும் முடிந்தபின், டிவிக்கு நேர் எதிரே ஒயர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவீர்கள். வலது கையில் இந்த மாலை. திரையில் ஒரு கெட்ட வார்த்தை விழுந்தால் கட்டைவிரல் ஒரு மணியை நகர்த்தும். உதடு, "சேசுவே, இரக்கமாயிரும்" என்று சொல்லும். கண் படத்தைவிட்டு அகலாது.

"அப்பா, இன்னிக்கு அருவாப் படம். ரெண்டு மாலையா எடுத்துக்கிருங்க" என்பான் அருள்.

"ஒனக்குஞ் சேத்துத்தாம்லே சொல்றேன். நீ சும்மா ஒக்காந்து பல்லக் காட்டு" என்பீர்கள்.

சேனல்காரர்கள் வார்த்தைகளின் சத்தத்தை வெட்டத் தொடங்கிய பிறகும் உங்கள் விரல் நிற்கவில்லை. திரையில் ஒருவன் வாயைத் திறப்பான், சத்தம் வராது, மணி மட்டும் நகரும். அத்தை கேட்டார்: "அதேன் ஒண்ணுங் கேக்கலயே, பெறகு எதுக்கு நகத்துறீக?"

"சத்தத்தத்தான வெட்டியிருக்கான். வார்த்தய வெட்டலயே."

எனக்கு அது விளங்கியது. தவக்காலத்தில் ஊரில் பாஸ்கா நாடகம் போடும்போதெல்லாம் படுதாவுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுத்தவர் நீங்கள். நடிப்பவர்களின் வாயைப் பார்த்தே எந்த வரியில் நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்வீர்கள். அந்த நாடகத்தில் அருளுக்குச் சேவகன் வேடம். சேசுவைச் சாட்டையால் அடித்தபடி திட்ட வேண்டும். நீங்கள் எழுதிக்கொடுத்த திட்டு, "மதிகெட்டவனே, நட!" அவன் ஒத்திகையில் சாட்டையைக் கீழே போட்டுவிட்டான்.

"ஆணி அடிக்கப் போறவன் இம்புட்டு மரியாதையாவாப்பா பேசுவான்?"

எல்லோரும் சிரித்தோம். சிலுவையைச் சுமந்துகொண்டிருந்தவரும் சிரித்தார். நீங்கள் மட்டும் வசனத்தை மாற்றவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் படப்பிடிப்புக் குழுக்கள் நம் பக்கம் வந்துகொண்டே இருந்தன. அப்படி வந்த ஒன்று ஓடைப்பட்டிப் பக்கம் இறங்கியது. அவர்களுக்கு ஒரு லாரி வேண்டியிருந்தது. கேரளாவுக்குத் திராட்சைப் பெட்டி ஏற்றிப் போகும் அருளின் லாரியைப் பேசினார்கள். லாரியோடு அவனும் படத்துக்குள் போனான். கதாநாயகன் சாலையின் குறுக்கே ஓடுவான். லாரி கேமராவை நோக்கி நேராக வந்து பிரேக் போடும். டிரைவர் தலையை வெளியே நீட்டி ஏதோ கத்துவான். அவ்வளவுதான் அவன் வேடம்.

படம் வந்ததும் ஊரே வேன் பிடித்துக் கம்பத்துக்குப் போனோம். நீங்கள் பூசைக்குப் போகும் வெள்ளை வேட்டியில் வந்திருந்தீர்கள். லாரி வந்தது. திரை நிறைய அருளின் முகம். அந்த வார்த்தை. அதை இங்கேயும் நான் எழுதப்போவதில்லை. விசில் சத்தத்தில் தியேட்டர் அதிர்ந்தது. நான் உங்கள் கையைப் பார்த்தேன். மணி நகர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை நானும் அத்தையும் நின்று பார்த்தோம்.

"அது என் சத்தமில்லப்பா" என்றான்.

"வாய் ஒன்னோடது. சத்தம் மட்டும் ஊரான் வீட்டுச் சத்தமாக்கும்?"

"வெயில்ல திரும்பத் திரும்ப எடுத்தாக. ஏதாச்சுங் கத்துன்னாக, கத்துனேன். என்ன கத்துனேன்னு நெனப்பில்ல. ஆனா இதச் சொல்லல."

"சாமியார்ட்டப் போயிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வா. பெறகு எங்கூடப் பேசு."

"செய்யாத பாவத்த எப்படிப்பா சொல்ல?"

நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அவன் சாமியாரிடம் போகவில்லை. நீங்கள் அவனோடு பேசவில்லை. ஒரே வீட்டில், அத்தை நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒங்க அப்பா தோட்டத்துக்குப் போகச் சொன்னாக." "அருளு லோடு ஏத்தப் போறானாம்." அறுவடை அப்படியே வந்தது. குமுளி மலைப்பாதையில், இறக்கத்தில் ஒரு வளைவில், லாரி அருளோடு பள்ளத்தில் போய்விட்டது. அடக்கத்தின்போது மந்திரித்த தண்ணீரைத் தெளித்தீர்கள். அழவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்:

"அவன் பொய் சொல்லியிருந்தா அந்தப் பாவத்தோட போயிட்டான் மாப்ள. நெசத்தச் சொல்லியிருந்தா, அந்தப் பாவம் எனக்கு. ரெண்டுல எதுன்னு யாரு சொல்லுவா?"

பத்திரிகை நிருபனான என் தொழிலே கேட்டுச் சொல்வது. ஆனால் அதை யாரிடம் போய்க் கேட்பது என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு அந்தப் படம் டிவிக்கு வந்தது. அத்தை வேண்டாம் என்றார். நீங்கள் நாற்காலியை வழக்கமான இடத்தில் போட்டு உட்கார்ந்தீர்கள். நல்ல வெயில் நேரம், கதவு திறந்திருந்தது. அன்றைக்கு நானும் இருந்தேன். முதல் பாதியில் வெட்டப்பட்ட இடங்களிலெல்லாம் மணி ஒழுங்காக நகர்ந்தது. லாரி வந்தது. அருள் தலையை நீட்டினான். சத்தத்தை வெட்டியிருந்தார்கள். அவன் வாய் திறந்து மூடியது. எஞ்சின் ஓசையும் இல்லை, ஒன்றும் இல்லை.

உங்கள் விரல் நகரவில்லை.

விரல் தவறியதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மறந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். அத்தையும் கவனித்திருக்கிறார்.

"நகத்தலயா?"

"அவன் ஒண்ணுந் தப்பாச் சொல்லலயே."

"சத்தமே வரலயேங்க."

"சத்தம் வராததாலதேன் கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

நீங்கள் திரையைப் பார்த்தபடியே சொன்னீர்கள்: "கூப்புட்டான்."

அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். பாத்திரம் ஒன்று விழும் ஓசை கேட்டது. கம்பத்தில் வாங்கி வைத்திருந்த அந்தப் படத்தின் சிடியை அடுத்த வாரம் கொண்டுவந்தேன். அதில் வார்த்தையை வெட்டவில்லை. போட்டுக் காட்டினால் உங்களுக்குத் தெளிவு வரும் என்று நினைத்தேன். அந்த இடம் வந்தது. வார்த்தை தெளிவாகக் கேட்டது. நீங்கள் முகம் சுளித்து, மணியை நகர்த்தி, செபத்தைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"இது வேற ஆளு, மாப்ள. அணை."

அதன்பின் டிவியில் அந்தப் படம் வந்தால் மட்டும் பார்த்தீர்கள். சேனல்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டன. புதிய பழக்கம் ஒன்றும் வந்தது. லாரி வரும் காட்சிக்குச் சற்று முன் எழுந்து, நாற்காலியை வலது பக்கம் ஓரமாக இழுத்துப் போட்டுக்கொள்வீர்கள். அத்தை காரணம் கேட்டதற்கு, "நேரா வர்றான்ல, வழி வேணாமா" என்றீர்களாம். அத்தை என்னிடம் அதைச் சொன்னார். டிவியை விற்றுவிடலாமா என்று கேட்டார். நான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

கடைசியாக நான் அங்கே இருந்த மதியத்தை எழுத வேண்டும். எதைப் பார்த்தேனோ, எதைக் கேட்டேனோ, அதை மட்டும் எழுதுகிறேன்.

மின்வெட்டு காலம் அது. படம் ஓடிக்கொண்டிருந்தது. இடைவேளை தாண்டியதும் மின்சாரம் போய்விட்டது. திரை கறுத்தது. மின்விசிறி மெல்ல நின்றது. வெளியே பந்தல் பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. அத்தை பனையோலை விசிறியைத் தேடினார். நீங்கள் அசையாமல், கறுத்த திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். நான் கம்பத்துச் செய்தி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து எழுந்தீர்கள். நாற்காலியை வலது பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். மாலை கையில் இருந்தது. விரல் நகரவில்லை. யாரோ அருகில் நிற்பதுபோல், சாதாரணக் குரலில் சொன்னீர்கள்:

"இங்கனதேன்டா இருக்கேன். பாத்துப் போ."

வெளியே வந்து, அல்லிநகரத்தில் என் வீட்டுக்குப் போன் போட்டேன். அங்கே மின்சாரம் இருந்தது. என் மனைவி படம் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தச் சேனல், என்ன ஓடுகிறது என்று மட்டும்தான் கேட்டேன். வேறெதுவும் சொல்லவில்லை.

"அந்தப் படம்தேன். இப்பத்தேன் நம்ம அருளு வந்துட்டுப் போறான்" என்றாள்.

திரும்பி உள்ளே வந்தபோது நீங்கள் நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டுவிட்டு, அத்தையிடம் மோர் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். போனில் கேட்டதை அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் படத்தைப் பல தடவை பார்த்தவர், எந்தக் காட்சி எப்போது வரும் என்பது மனதில் பதிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் விளம்பரங்கள் எவ்வளவு நேரம் ஓடும் என்பது அந்தச் சேனலுக்கே ஒவ்வொரு தடவையும் வேறாகத்தான் இருந்தது.

அடுத்த காய்ப்புக்கு முன் நீங்கள் போய்விட்டீர்கள். நாற்காலியில், பகலில், டிவி அணைந்திருக்கும்போது. நாற்காலி வலது பக்கம் ஒதுங்கியிருந்தது என்று அத்தை சொன்னார். மாலையில் உங்கள் கட்டைவிரல் நின்ற மணியில் ஒரு நூலைக் கட்டி என்னிடம் கொடுத்தார். "நீங்கதான் ஊரெல்லாம் விசாரிக்கிற ஆளு. அவன் என்னதேன் சொன்னான்னு விசாரிங்க" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

விசாரித்தேன் மாமா. படப்பிடிப்புக்கு இடம் பார்த்துக் கொடுக்கும் தேனிக்காரர் ஒருவர் வழியாக, ஒருவர் மாற்றி ஒருவராகப் போய், நேற்றுதான் அந்த ஒலிப்பதிவு உதவியாளர் கிடைத்தார். உள்ளூர் ஆட்கள் பேசியது எதையும் படத்தில் வைக்கவில்லையாம். எல்லாவற்றுக்கும் சென்னையில் வேறு குரல். லாரி டிரைவருக்கு அந்த வார்த்தையைப் போடலாம், தியேட்டரில் சிரிப்பார்கள் என்று முடிவானது டப்பிங் அறையில்தான். அருள் அங்கே போனதே இல்லை. "வாயோட பொருந்தல சார், அவசரத்துல விட்டுட்டோம்" என்றார்.

ஆக, உங்கள் கேள்வியில் பாதிக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவன் பொய் சொல்லவில்லை. இதை எழுதும்போது கல்லறை வாசலில் நீங்கள் சொன்ன மற்ற பாதியும் காதில் விழுகிறது. அதற்கு நான் பதில் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று சொல்ல முடியும். அவன் உங்களைக் கூப்பிட்டான் என்று நீங்கள் சொன்னீர்கள். கூப்பிட்டவன் கோபத்தோடு போயிருக்கமாட்டான்.

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. முழுதும் தெரிந்தபின் சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன்.

உங்கள் ஒயர் நாற்காலி இப்போது அல்லிநகரத்தில் என் வீட்டில் இருக்கிறது. அதை டிவிக்கு நேர் எதிரே போட எனக்கு மனம் வருவதில்லை. சற்று வலது பக்கமாகத்தான் போட்டு உட்கார்கிறேன். டிவியில் எங்காவது சத்தம் வெட்டப்பட்டால் என் கட்டைவிரல் தானாக ஆள்காட்டி விரலை உரசுகிறது. செபம் சொல்லத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

தெரியவேண்டியது ஒன்று பாக்கி. படப்பிடிப்பு நடந்த இடத்திலேயே பதிவுசெய்த ஒலி தனி டேப்பில் இருக்குமாம். பைலட் என்கிறார்கள். அருள் அந்த வெயிலில் உண்மையில் என்ன கத்தினான் என்பது அதில் இருக்கும். டேப்புகள் ஒரு பழைய சாமான் கிட்டங்கியில் கிடக்கின்றன. இந்த மாதக் கடைசியில் அதைத் திறக்கிறார்கள். கிடைத்தால் போனிலேயே போட்டுக் காட்டுவதாக அந்த உதவியாளர் சொல்லியிருக்கிறார். கல்லறைத் திருநாளுக்குள் தெரிந்துவிடும். அன்று அத்தையைக் கூட்டிக்கொண்டு உங்கள் இருவருக்கும் மெழுகுவர்த்தி ஏற்ற வருகிறேன்.

அதுவரை, அத்தை நூல் கட்டிய மணியிலேயே மாலையை நிறுத்தி வைத்திருக்கிறேன். நகர்த்தவில்லை.