காதில் வைக்க முடியாத போன்

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் மன்னாருக்குத் திரும்பிப் போன பிறகு வாப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா?

நான் புத்தளத்தில் சுகம். சலூனில் இப்போது காது குத்தப் பழகுகிறேன். "வலி என்னெண்டு முதல்ல உனக்குத் தெரியோணும்" என்று முதலாளி டயனா அக்கா என் இரண்டு காதிலும் இரண்டாவது துளை போட்டுவிட்டா. ஏசாதீங்க.

"கை கழுவாம தோட்டைத் தொடாதீங்க" என்று வருகிறவர்களிடம் நாள் முழுக்கச் சொல்லும் நானே, வேலை முடிந்த களைப்பில் கழுவாத கையால் தொட்டுவிட்டேன். இரண்டு காதும் வீங்கிவிட்டன. மருந்து எடுத்துவிட்டேன், பயமில்லை. போனைத்தான் காதில் வைக்க முடியவில்லை. அதனால்தான் கடிதம்.

இங்குள்ளதில் தூக்கம் வருவதில்லை, என் பழைய தலையணையை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

அக்கா கூப்பிடுகிறா. காது ஆறினாலும் உடனே போனில் கோல் எடுக்க மாட்டேன், உம்மா. உங்கள் குரலைக் கேட்டால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

மகள் அக்கீலா